மந்தம் இருக்கு, உச்சம் எங்க?

போன வெள்ளிக்கிழமை விடியற்காலை அக்கா மகனிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு லிங்க். "மாமா, புதுசு விட்டுருக்கேன். செட்ல போட்டுக் கேட்டுட்டுச் சொல்லுங்க."

செட் என்றால் எங்கள் ரேடியோ செட். அப்பா காலத்திலிருந்து பாளையங்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் கோயில் கொடை என்கிற திருவிழா, சடங்கு வீடு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டிய குடும்பம் நாங்கள். இப்போது குழாய் போய் பாக்ஸ் வந்தாச்சு. மருமகன் பகலில் வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறான், ராத்திரியானால் லேப்டாப்பில் எஃப்எல் ஸ்டூடியோ என்கிற பாட்டுப் போடுகிற சாஃப்ட்வேர். டவுன், பேட்டை, மேலப்பாளையம், அம்பை என்று இந்தத் தொழில் பார்க்கிற பயல்கள் எனக்குத் தெரிந்தே பத்துப் பேர் இருப்பார்கள். சினிமா வாய்ப்புக்குக் காத்திருக்காமல் தானே போட்டு, தானே பாடி, தானே மிக்ஸ் பண்ணி, வியாழன் ராத்திரி பன்னிரண்டு தாண்டியதும் விட்டுவிடுகிறான்கள். வெள்ளிக்கிழமைதான் புதுப்பாட்டு வெளியீடு என்று 2015-ல் உலகம் பூராவும் கம்பெனிகள் ஒத்துப்போனதாம். நமக்கு வெள்ளி என்றால் நெல்லையப்பர் கோயில், காந்திமதி அம்மன். இவன்களுக்கு அது ரிலீஸ் நாள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பெருசு புலம்புது என்று தாண்டிப் போய்விடுவீர்கள். இவன்கள் போடுகிற சத்தம் அருமையாக இருக்கிறது. நான் நாற்பது வருஷமாக ஸ்பீக்கர் முன்னால் நிற்கிறவன், காது கொஞ்சம் போயிருக்கலாம், ஆனால் எது சுத்தமான பேஸ், எது வெறும் உறுமல் என்று தெரியும். படுக்கையறையில் உட்கார்ந்து ஹெட்போனில் செய்த பாட்டு பதினெட்டு இஞ்ச் பாக்ஸில் போட்டாலும் குலையாமல் நிற்கிறது. அந்தக் காலத்தில் இதற்குச் சென்னையில் ஸ்டூடியோ வாடகை கட்டியே சொத்து அழிந்திருக்கும். குறை என்றால் எல்லாம் ரெண்டே கால் நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. கொடையில் ஒரு பாட்டு போட்டுவிட்டு டீ குடிக்கப் போக முடியாது. அது கிடக்கட்டும்.

மருமகன் பாட்டுக்கு வருகிறேன். செட்டில் போட்டேன். நாலாவது நொடியில் மகுடம் விழுந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது எனக்குத் தெரிந்த மகுடம். எங்கள் வீட்டு மச்சில் கிடந்த கேசட்.

மகுடம் தெரியாத வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் பக்கம் சுடலைமாடன் கோயில் கொடையில் கணியான் கூத்து நடக்கும். அண்ணாவி கதை பாடுவார், பின்பாட்டு உண்டு, ஆண்கள் ரெண்டு பேர் பெண் வேஷம் கட்டி ஆடுவார்கள், ரெண்டு பேர் மகுடம் அடிப்பார்கள். வட்டச் சட்டத்தில் தோல் கட்டிய வாத்தியம். ஒன்று உச்சம், ஒன்று மந்தம். தோலை நெருப்பில் காட்டிக் காட்டித்தான் சுருதி பிடிப்பார்கள். கதை ஓட ஓட, சாமி வர வர, அடியின் ஓட்டமும் கூடிக்கொண்டே போகும். ஒரே இரவில் எத்தனை வேகம் மாறுகிறது என்று அடிக்கிறவருக்கே கணக்குத் தெரியாது. மைக் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு நெஞ்சுக்குள் தெரியும்.

மருமகன் அதில் ரெண்டு பார், அதாவது ரெண்டு தாளச் சுற்று மட்டும் வெட்டி எடுத்திருக்கிறான். கட்டம் போட்ட நோட்டில் எழுதுகிற மாதிரி ஒவ்வொரு அடியையும் கிரிட்டில் இழுத்து நிறுத்தி, நிமிஷத்துக்கு 124 அடி வேகத்தில் திரும்பத் திரும்ப லூப் ஓட்டிவிட்டான். மேலே சிந்தசைசர், ஹை-ஹேட் என்கிற டிரம்ஸ் தாளத்தட்டு, அவனுடைய குரல். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. என் கால் தாளம் போட்டது.

பாட்டுப் பக்கத்தில் கிரெடிட்ஸ் என்று ஒன்று இருக்குமே, அதைத் திறந்தேன். எழுதியவர் அவன். தயாரிப்பு அவன். பாடியவர் அவன். அட்டைப்படம் வரைந்த பையனுக்கு இன்ஸ்டாகிராமில் தனியாக நன்றி. போன் போட்டேன்.

"ஏல, மகுடம் யாரு?"

"அது சாம்பிள் மாமா." பழைய பதிவிலிருந்து வெட்டி எடுத்த துண்டுக்கு அப்படிப் பேர்.

எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. ஏனென்றால் 2024 தொடக்கத்தில் இதே பயல் சாப்பிடாமல் கொள்ளாமல் ஸ்பாட்டிஃபை கம்பெனியைத் திட்டிக்கொண்டு அலைந்தான். ஒரு பாட்டை 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்டிருந்தால்தான் அதற்கு ராயல்டி, அதற்குக் கீழே என்றால் ஒரு பைசா கிடையாது என்று அவர்கள் விதி கொண்டுவந்த நேரம். முப்பது நொடி கேட்டால்தான் ஒரு தடவை என்ற கணக்கு வேறு. "சின்ன ஆளுக உழைப்பை எடுத்துப் பெரிய ஆளுக தட்டுல போடுதாவ மாமா" என்றான். நியாயமான கோபம், நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். அந்த ஆயிரத்தை எட்டாதவனுக்கே கோபம் வருமென்றால், கணக்கிலேயே வராத ஆளுக்கு என்ன வர வேண்டும்?

இவன் ஒருத்தனைச் சொல்லவில்லை. கடந்த ரெண்டு மூன்று வருஷமாக இந்த 'ஃபோக் ஃப்யூஷன்' ரிலீஸ்களை உட்கார்ந்து கேட்கிறேன். உடுக்கை வருகிறது, வில்லுப்பாட்டுக் குடம் வருகிறது, ஒப்பாரி வருகிறது. சத்தம் வருகிறது, ஆள் வருவதில்லை. அட்டையில் 'வேர்களைத் தேடி' என்று போட்டிருக்கும். வேர் எந்த ஊரில் எந்தத் தெருவில் இருக்கிறது என்று போட்டிருக்காது.

"நாட்டுப்புறப் பாட்டு பொதுச் சொத்து மாமா, அதுக்கு யாரு சொந்தக்காரன்?" என்று அவன் கேட்டான். தாளம் பொதுச் சொத்துதான், மறுக்கவில்லை. அதே தாளத்தை நீயே மகுடம் கற்றுக்கொண்டு அடித்தால் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். கேசட்டில் இருப்பது ஒருத்தருடைய கை. அன்றைக்கு ராத்திரி, அந்தப் பந்தலுக்குள், அந்தக் குளிரில் விழுந்த அடி. நான் வக்கீல் இல்லை, ஆனால் காப்புரிமைச் சட்டத்தைத் தெரிந்தவர் ஒருவர் எடுத்துக் காட்டினார். 1957-ம் வருஷச் சட்டம், 1994-ல் திருத்தி 'நிகழ்த்துபவர்' யார் யார் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். நடிகர், பாடகர், இசைக்கலைஞர் என்று போய் வித்தைக்காரர், பாம்பாட்டி வரை வருகிறது. பாம்பாட்டிக்கு இடம் இருக்கிற பட்டியலில் மகுடம் அடிக்கிறவருக்கு இடம் இல்லாமலா போகும்? அந்த உரிமைக்குக் காலம் 50 வருஷம். எங்கள் கேசட் 1997.

மருமகனுக்குப் பிடித்த சங்கதியிலிருந்தே சொன்னால்தான் ஏறும் என்று, அவன் எனக்குச் சொல்லித்தந்த கதையையே திருப்பிச் சொன்னேன். 1969-ல் அமெரிக்காவில் வின்ஸ்டன்ஸ் என்றொரு குழு 'ஆமென் பிரதர்' என்று ஒன்று வாசித்தது. நடுவில் நாலு பார் வெறும் டிரம்ஸ், அடித்தவர் கிரெகரி கோல்மன். அந்த நாலு பாரை வெட்டி வெட்டித்தான் இங்கிலாந்தில் ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்று ஆட்ட இசையில் ஒரு வகையே உண்டானது. ஆயிரக்கணக்கான பாட்டில் இருக்கிறது. கோல்மனுக்குக் காலணா வரவில்லை, 2006-ல் இறந்துபோனார். 2015-ல் ரசிகர்கள் இணையத்தில் 24,000 பவுண்ட் திரட்டி, உயிரோடு இருந்த குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சர் கையில் கொடுத்தார்கள். அடித்த கை அப்போது மண்ணுக்குள்.

இன்னொரு கதை சந்தோஷமானது. பம்பாய் சினிமாக் குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 1982-ல் ரோலண்ட் கம்பெனியின் 808, 303, ஜூபிட்டர்-8 என்று மூன்று எலக்ட்ரானிக் இசை மெஷினை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் போட்டு ஒரு ரெக்கார்ட் விட்டார். அப்போது சீந்துவார் இல்லை. அதே சாயலில் சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் என்று ஒரு எலக்ட்ரானிக் ஆட்ட இசை கிளம்பியதே அதற்கு அப்புறம் சில வருஷம் கழித்துத்தான். 2010-ல் அந்த ரெக்கார்டை மறுபடி வெளியிட்டார்கள். எழுபது வயசுக்கு மேல் அவரை ஐரோப்பாவுக்குக் கூப்பிட்டு மேடையேற்றினார்கள். 2015-ல் இறக்கும்போது உலகத்துக்கு அவரைத் தெரியும். எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அட்டையில் பேர் இருந்தது மக்கா. அவ்வளவுதான் விஷயம்.

செய்ய முடியாத காரியமும் இல்லை. வீரவநல்லூர்ப் பிள்ளை ஒருத்தி இந்த வருஷம் ஒன்று விட்டாள். வீட்டுத் தறிச் சத்தத்தைப் போனில் பிடித்து, அதையே தாளமாக வைத்து, ஆறு நிமிஷம். கிக் டிரம் கிடையாது. நாடா ஓடுகிற சத்தம் ஒரு காதிலிருந்து மறு காதுக்குப் போகிறது. பாதியில் நூல் அறுந்து தறி நிற்கிறது, ஒரு செருமல் கேட்கிறது, திரும்ப ஓடுகிறது. அதை வெட்டி எறியவில்லை, அப்படியே விட்டிருக்கிறாள். கிரெடிட்ஸில் முதல் வரி: 'தறி: அம்மா'. இந்த வட்டாரத்தில் இந்த வருஷம் வந்ததில் நான் திரும்பத் திரும்பக் கேட்டது இதைத்தான். பாட்டு ஏற்றுகிற தளங்கள் பலவற்றில் வருமானத்தை இத்தனைக்கு இத்தனை என்று பிரித்துப் போடவும் வழி இருக்கிறது. அம்மாவுக்குப் பாதி போட்டிருக்கிறாளாம். பாதி என்றால் பத்து ரூபாயோ என்னமோ.

இதெல்லாம் மருமகனிடம் வீராப்பாகப் பேசி முடித்தபோது அவன் ஒரு கேள்வி கேட்டான்.

"மாமா, கேசட் அட்டையில என்ன எழுதியிருக்கு?"

மச்சிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அப்பா கையெழுத்து. 'சுடலை கொடை, 2ம் நாள், பி சைடு'. வேறு ஒன்றும் இல்லை.

மிக்ஸரிலிருந்து நேராக வயர் எடுத்துப் பதிந்தது நான்தான். ராத்திரி பூரா உட்கார்ந்து கேசட் திருப்பிப் போட்டதும் நான்தான். அப்பா அதைக் காப்பி போட்டு ஒன்று 25 ரூபாய் என்று விற்றார். பம்பாய், சூரத் என்று பிழைக்கப் போன ஊர்க்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு கொடைக்கு நாற்பது ஐம்பது கேசட் ஓடும். எனக்கு முதல் சைக்கிள் வந்தது அந்தக் காசில். அடித்தவருக்கு ஒரு காப்பி கொடுக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஸ்பாட்டிஃபையாவது ஆயிரத்துக்கு மேல் போனால் தருகிறது.

வாயை மூடிக்கொண்டு விசாரிக்கக் கிளம்பினேன். அந்தக் கோயில் கமிட்டியில் இருந்த பெரியவர் ஒருவர் ஊரைச் சொன்னார். முக்கூடல் தாண்டி. போன ஞாயிற்றுக்கிழமை நானும் மருமகனும் பைக்கில் போனோம். அன்றைக்கு அடித்தவர்கள் இல்லை, மகன் இருந்தார். ஐம்பது வயசு இருக்கும், அவரும் மகுடம் அடிக்கிறவர்தான். பேரை இங்கே போடப் போவதில்லை, பாட்டில் வரட்டும்.

வராந்தாவில் உட்காரவைத்துக் கலர் வாங்கிக் கொடுத்தார். மருமகன் இயர்போனை நீட்டினான். ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்டார். முதல் தடவை ஒன்றும் சொல்லவில்லை. ரெண்டாம் தடவை அவர் விரல்கள் தொடையில் அசைந்தன.

"இது எங்க சித்தப்பா அடி."

"எப்படி அண்ணாச்சி தெரியுது?"

"நடுவிரல் லேசாப் பிந்தி விழும். சின்ன வயசுல அரிவாள் பட்டது." அப்புறம் இயர்போனைக் கழற்றி உற்றுப் பார்த்தார், அதில் ஏதோ பழுது என்பது போல. "மந்தம் இருக்கு. உச்சம் எங்க?"

மருமகன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "அது... ஹை-ஹேட்டோட மோதிச்சு அண்ணாச்சி. அதான் இக்யூ வச்சு அந்தச் சத்தத்த மட்டும் வெட்டிட்டேன்."

"அவன் அடிச்சாத்தானய்யா இவன் அடிப்பான்" என்றார். கோபமெல்லாம் இல்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "உச்சம் அடிச்சது எங்க ஐயாதான்." அவருடைய அப்பாவைச் சொல்கிறார்.

நாங்கள் காசு விவரம் சொன்னோம். இதுவரைக்கும் 712 தடவை கேட்டிருக்கிறார்கள், ஆயிரம் தாண்டினால்தான் வரும், வந்தால் இத்தனை பங்கு என்று மருமகன் போனில் கணக்குப் போட்டுக் காட்டினான். அவர் அதைக் காதில் வாங்கினாரா என்றே தெரியவில்லை. "பி சைடு முழுசா இருக்கா?" என்று கேட்டார். அவருடைய ஐயா அடித்தது ஒன்றுகூட அவர்கள் வீட்டில் இல்லையாம்.

வந்த அன்றைக்கே கேசட்டை ஓட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். நாற்பத்தைந்து நிமிஷம், நடுவில் ரெண்டு இடத்தில் டேப் இழுத்து அடி தொய்கிறது, மற்றபடி சுத்தம். பென்டிரைவில் ஒன்று, போனில் ஒன்று, நாளைக்குக் காலையில் போகிறேன். வீட்டுக்காரி அல்வா வாங்கிக்கொண்டு போகச் சொல்கிறாள்.

மருமகன் ஹை-ஹேட்டைத் தூக்கிவிட்டு உச்சத்தை உள்ளே கொண்டுவந்திருக்கிறான். கிரிட்டிலிருந்தும் அவிழ்த்துவிட்டான், நடுவிரல் இப்போது பிந்தித்தான் விழுகிறது. பழையதை இறக்கிவிட்டு வருகிற வெள்ளிக்கிழமை ரெண்டு பேர் பேரோடு புதிதாக ஏற்ற வேண்டும். சத்தம் மாறினால் கணக்கும் முதலிலிருந்து ஆரம்பமாம். "712-ம் போயிரும் மாமா" என்றான்.

போகட்டும்ல என்றேன்.