மேட்டூர் தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும்?

மே மாதம் பிறந்துவிட்டால் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான்: ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறப்பார்களா? மதகைத் திறந்து மலர் தூவும் படம் செய்தித்தாளில் வந்துவிட்டால் ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல்லான குறுவையே விளைந்துவிட்டதைப்போல ஊர் நிம்மதியடைகிறது. என்னைக் கேட்டால், ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ வைத்திருக்கும் விவசாயிக்கு அந்தத் தேதியைவிட முக்கியமான தகவல், திறந்த தண்ணீர் தன் வாய்க்காலில் எத்தனை நாளைக்கு ஓடும் என்பதுதான். அதை மட்டும் யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

2023ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அணையில் 103 அடி அளவுக்குத் தண்ணீர் இருந்தது. சொன்ன நாளில் திறந்தார்கள். அதை நம்பி, வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை வரைக்கும் குறுவை வைத்தார்கள். கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை குறைந்து, மாநில எல்லையில் காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவுக்கு வரவேண்டிய நீரும் வராமல் போனதால், பல இடங்களில் பயிர் கண்ணெதிரே காய்ந்தது. அக்டோபர் 10ஆம் தேதி அணையை மூடினார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் திறக்கத் தண்ணீரே இல்லை. ஜூலை கடைசியில் கர்நாடகத்தில் மழை கொட்டி, 28ஆம் தேதிதான் திறந்தார்கள். இந்த இரண்டில் எது மோசமான ஆண்டு என்றால், என் கணக்கில் 2023தான். ஆற்றுத் தண்ணீரை நம்பிக் குறுவை வைக்க முடியாது என்பது முன்கூட்டியே தெரிந்த ஆண்டில், சிறு விவசாயி கடன் வாங்கி வயலில் போடாமலாவது தப்பித்தார். 2023இல் காய்ந்த குறுவைக்குப் பயிர்க் காப்பீடும் கிடையாது. அரசு அறிவித்த நிவாரணம் ஹெக்டேருக்கு 13,500 ரூபாய். ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் ஐயாயிரத்து ஐந்நூறுகூட வராது. உழவுக்கும் நடவுக்கும் கொடுத்ததே அதைத் தாண்டியிருக்கும்.

நாள் கணக்கு ஏன் முக்கியம் என்பது நாற்றங்காலில் தெரியும். ஆடுதுறை 43 போன்ற குறுகிய கால ரகம் 110 நாளில் அறுவடைக்கு வந்துவிடும், சி.ஆர். 1009 ஐந்து மாதத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். எதை விதைப்பது என்பதைத் தண்ணீர் வருமுன்பே முடிவு செய்தாக வேண்டும். குறுகிய கால ரகத்தை நாற்றுவிட்டபின் வாய்க்காலில் தண்ணீர் இரண்டு வாரம் தள்ளிப்போனால், பறிக்கும்போதே அந்த நாற்று கணு வைத்து முற்றியிருப்பது கைக்குத் தெரியும். அப்படிப்பட்ட நாற்றை நட்டால் சரியாகத் தூர் கட்டாது, அதாவது பக்கத் தண்டுகள் விடாது; பாதி தூரிலேயே கதிர் வந்துவிடும். இந்த நஷ்டத்துக்கு எந்தப் பதிவேட்டிலும் இடம் இல்லை, ஏனென்றால் பார்க்கிறவர்களுக்குப் பயிர் பச்சையாகத்தான் இருக்கும்.

அதனால்தான் கடைமடையில் நாற்றங்காலைக் கைவிட்டு நேரடி விதைப்புக்குப் போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கோடை மழையில் உழுது போட்ட புழுதியில் விதைத்துவிட்டு, முளைப்பை மழையிடம் விட்டுவிடுகிறார்கள். நாற்றுக்கும் நடவுக்கும் ஆகும் செலவு மிச்சம், நாளும் மிச்சம். ஆனால் முளைத்தபின் சரியான நேரத்தில் தண்ணீர் கட்ட முடியாவிட்டால் கோரையும் புல்லும் நெல்லை முந்திக்கொள்ளும்; மிச்சம் பிடித்த கூலியெல்லாம் களையெடுப்பில் போய்விடும்.

வேளாண் துறையினர் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடச் சொல்கிறார்கள். நல்ல முறைதான், தண்ணீரும் மிச்சமாகும். ஆனால் வயலைக் காயவிடத் துணிகிறவருக்கு, காய்ந்தபின் பாய்ச்சத் தண்ணீர் கையில் இருக்க வேண்டும். முறை வைத்துத் திறக்கிற ஆற்றுத் தண்ணீரை நம்பி இருப்பவர், அடுத்த முறை எப்போது வருமென்று தெரியாதபோது, வந்த தண்ணீரை வரப்பு முட்ட நிறுத்தத்தான் செய்வார். அதை அறியாமை என்று பயிற்சி முகாம்களில் பேசுவது எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது. பம்புசெட் உள்ளவர் அந்த முறையைத் தாராளமாகச் செய்யலாம். அவருக்கு மின்சாரமும் இலவசம். போர்வெல் இல்லாதவர் பக்கத்து வயல்காரரிடம் தண்ணீரை விலைக்கு வாங்குகிறார். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் அதற்கும் வழியில்லை; பல இடங்களில் நிலத்தடி நீரே உப்பு. 2018ஆம் ஆண்டுக் காவிரித் தீர்ப்பில் தமிழ்நாட்டின் பங்கை 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) ஆகக் குறைத்தபோது, டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்று 10 டி.எம்.சி.யை உச்ச நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. கடலோரக் கடைமடைக்காரருக்கு அந்தப் பத்தில் ஒரு சொட்டும் வந்து சேராது.

தண்ணீர் பிந்தினால் வறட்சியோடு விஷயம் முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிந்தி விதைத்த நீண்டகாலச் சம்பாவும், குறுவை அறுத்தபின் வைக்கும் தாளடியும் வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்யும் நவம்பரில் இளம்பயிராக நிற்கின்றன. வடிகால் ஆறுகள் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்க, வயலில் ஏறிய மழைநீர் இறங்க வழியில்லாமல் நின்றுவிடுகிறது. இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 போன்ற ரகங்கள் இங்கே உதவுகின்றன. ஆனாலும் எந்த ரகமும் வடிகாலுக்கு ஈடாகாது. தூர்வாரும் பணி கோடையில் முடியாமல் தண்ணீர் வரும் சமயம்வரை இழுக்கும்போது, பாசன வாய்க்காலை அவசர அவசரமாகச் சீவிவிட்டு வடிகாலை அப்படியே விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது.

நான் கேட்பது பெரிய திட்டம் எதையும் இல்லை. மே மாத நடுவில், அணையில் இருக்கும் நீரையும் அதுவரையிலான வரத்தையும் வைத்து, மழை குறைந்தால் எத்தனை நாள், சராசரியாகப் பெய்தால் எத்தனை நாள் என்று இரண்டு கணக்கை நீர்வளத்துறை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். முறை வைக்கும் காலத்தில், எந்த மதகு எந்தத் தேதியில் திறக்கும் என்ற பட்டியலைத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தின் வாசலில் ஒட்ட வேண்டும். அணை திறப்பு அறிவிப்போடு குறுவைக்கான காப்பீட்டு அறிவிப்பும் வர வேண்டும். அதில், பயிர்ச் சான்றான அடங்கல் கிடைக்காத வாய்மொழிக் குத்தகைதாரரைச் சேர்க்க வழி செய்ய வேண்டும், ஏனென்றால் கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் உழுகிறவர்களில் பலர் அவர்கள்தான். கணக்கு பாதகமாக இருந்தால், குறுவையை விட்டுவிட்டு ஒரே சம்பாவோடு நிறுத்தி, தையில் அறுவடைக்கு முன் வயல் மெழுகு பதத்தில் இருக்கும்போதே உளுந்து தெளித்துக்கொள்ளலாம் என்று அவரே முடிவு செய்வார். அந்த முடிவை மே மாதத்திலேயே எடுக்க அவருக்கு வாய்ப்புக் கொடுங்கள்.