காவோலையை யாரும் படம் எடுப்பதில்லை

ஒக்டோபர் பிறந்தால் என் முகநூல் முழுக்கச் சிவந்துவிடும். சிவப்பு மேப்பிள், அதன் முன்னால் சிவப்பு ஜாக்கெட், ஜாக்கெட்டுக்குள் நம் சொந்தக்காரர் யாராவது ஒருவர், இரண்டு கையாலும் இலையை வாரி மேலே வீசியபடி. அது தலையில் விழுவதற்குள் ஐந்தாறு படம் எடுத்துவிடுவார்கள். கிண்டல் செய்ய எனக்குத் தகுதியில்லை. நானும் போட்டிருக்கிறேன், 2016இல், மூன்று கோணங்களில்.

அம்மாவுக்கு இது இன்னும் பிடிபடவில்லை. கனடா வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. ஒவ்வொரு வருடமும் போனில் இந்தப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு ஒரே வசனத்தைச் சொல்வார்: "எங்கட ஊரில காவோலை விழுந்தா ஒருத்தரும் படம் எடுக்கிறதில்லை. இழுத்துக்கொண்டு போய் அடுப்புக்குள்ள வைக்கிறதுதான்." காவோலை என்றால் காய்ந்து விழும் பனையோலை.

இந்த வருடம் அந்த வசனம் மண்டைக்குள் நின்றுவிட்டது. இந்தப் பதிவு அதனால்தான். கொஞ்சம் நீளம், தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து வாசியுங்கள்.

ரொறன்ரோவில் இலை நிறம் மாறத் தொடங்கும் கிழமைகளில்தான் நுயி பிளான்ஷும் வரும். பிரெஞ்சில் வெள்ளை இரவு, அதாவது தூங்காத இரவு. பாரிசில் 2002இல் தொடங்கியது, இங்கே 2006இல் வந்தது. பின்னேரம் ஏழு மணியிலிருந்து காலை ஏழு மணிவரை தெருவில், சதுக்கத்தில், கட்டடச் சுவரில் கலைப் படைப்புகள். நுழைவுச்சீட்டு கிடையாது. முதல் தடவை விளக்கிச் சொன்னபோது அம்மா, "சிவராத்திரி மாதிரி எண்டு சொல்லு" என்றார். விடிய விடியக் கூத்துப் பார்த்த ஊர்க்காரருக்கு இதெல்லாம் புதிதா என்ன?

நான் முதலில் போனது 2013இல். நகரமண்டபத்துக்கு முன்னால் நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் சீனக் கலைஞர் ஐ வெய்வெய்யின் சைக்கிள் கோபுரம். 3,144 சைக்கிள்களை ஒன்றோடொன்று கோத்து நிறுத்தியிருந்தார்கள். ஒரு சைக்கிளைப் பார்த்தால் சைக்கிள். ஆயிரக்கணக்கில் அடுக்கி, பக்கவாட்டில் வெளிச்சமும் பாய்ச்சினால், நடக்க நடக்கச் சில்லுகள் சுழல்கிற மாதிரி ஒரு மயக்கம். சைக்கிளில் அரிசி மூட்டையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு இடம்பெயர்ந்த எங்களுக்கு சைக்கிள் என்றாலே வேறு கணக்கு. அரை மணித்தியாலம் அங்கேயே நின்றேன். அதற்குப் பிறகு பார்த்தவற்றில் பாதி நினைவில் இல்லை. வரிசை நினைவிருக்கிறது. ஒரு கட்டடத்துக்குள் போக ஒன்றேகால் மணித்தியாலம் நின்று, உள்ளே ஐந்து நிமிடக் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு வெளியே வந்தோம். அதிகாலை மூன்று மணிக்குமேல் குடித்துவிட்டுக் கத்தும் பொடியளின் கூட்டம். காலையில் சப்வேயில் தூங்கி விழுந்து கென்னடி ஸ்ரேஷனில் எழுந்தேன்.

சரி, இலைக்கு வருவோம்.

இலை பார்க்க என்றால் வடக்கே இருக்கும் அல்கொங்குவின் பூங்கா என்பது நம் ஆட்களிடையே கிட்டத்தட்டச் சட்டம். நாங்களும் ஒருமுறை விடிய ஐந்தரைக்கு ஒரு வான் வண்டியில் ஏழு பேர், புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு, 400ஆம் நெடுஞ்சாலையில் ஏறி, 11இல் போய், ஹன்ட்ஸ்வில்லில் 60க்குத் திரும்பினோம். வாசலில்தான் தெரிந்தது, அன்றைய வாகன அனுமதி முழுவதும் முன்பதிவிலேயே முடிந்துவிட்டதென்று. பிழை எங்களுடையதுதான். முன்கூட்டிப் பதியச் சொல்லிப் பத்து இடத்தில் எழுதியிருக்கிறார்கள். போனது ஒக்டோபரில் வரும் நன்றியறிதல் நாள் வார இறுதி வேறு. அந்தப் பக்கத்துச் சர்க்கரை மேப்பிள்கள் பெரும்பாலும் செப்டெம்பர் கடைசியிலேயே உச்சத்துக்கு வந்துவிடும். ஒக்டோபர் நடுவில் போனால் அங்கே மஞ்சளின் ஆட்சி. திரும்பும் வழியில் ஒரு பெற்றோல் நிலையத்தின் பின்பக்கம், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற ஒற்றை மேப்பிளின் கீழே இருந்து புட்டைச் சாப்பிட்டோம். அன்று பார்த்த மரங்களிலேயே சிவப்பானது அதுதான்.

அந்த வயிற்றெரிச்சலில்தான் மரங்களைப் பற்றிக் கொஞ்சம் வாசிக்கத் தொடங்கினேன். இலையின் மஞ்சள் புதிதாக வருவதில்லை. அது கோடை முழுவதும் பச்சைக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. பகல் குறுகக் குறுக மரம் பச்சையத்தைப் பிரித்துச் சத்தைத் தனக்குள் இழுத்துக்கொள்ள, இருந்த மஞ்சள் தெரிய வருகிறது. மேப்பிளின் சிவப்பு அப்படியல்ல, போகிற நேரத்தில் இலை புதிதாகச் செய்வது. பகலில் நல்ல வெயிலும், இரவில் உறைபனி இல்லாத குளிரும் அமைந்தால் அது கடுஞ்சிவப்பாகும். மழையும் முகிலுமாக இழுத்தால் மங்கிப்போகும். இதற்கிடையில் காம்பும் கிளையும் சேரும் இடத்தில் மரம் தக்கைபோல ஒரு மெல்லிய அடுக்கை வளர்த்து, இலைக்குக் கதவைச் சாத்திவிடும். பிறகு ஒரு காற்றுப் போதும்.

எங்கள் தெருவில் நிற்பவை பெரும்பாலும் நோர்வே மேப்பிள். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நகரத் தெருக்களில் நட்டது. மற்ற மரங்கள் எல்லாம் சிவந்து கொட்டி முடிந்த பிறகும் இது ஒன்றும் தெரியாத மாதிரிப் பச்சையாக நின்றுவிட்டு, கடைசியில்தான் மஞ்சளாகும். காம்பை முறித்தால் பால் வரும். இதை அம்மாவுக்கு முறித்துக் காட்டினேன். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு மேப்பிளை மதித்துப் பார்த்தார். பால் வருகிற மரம் என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

இப்போது 2018. அந்த ஆண்டுதான் நுயி பிளான்ஷ் முதல்முறையாக, ரொறன்ரோவின் கிழக்கே இருக்கும் எங்கள் ஸ்காபரோவுக்கு வந்தது. டவுன்டவுன்காரர் எங்கள் பகுதியை ஸ்கார்பீரியா என்பார்கள், சைபீரியா மாதிரித் தூரமாம். அப்படிப்பட்ட ஊரின் நகரமண்டபச் சதுக்கத்தில், எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில், செப்டெம்பர் 29 இரவு கலை விழா. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கம்பளித் தொப்பி, கழுத்தில் சால்வை, கைப்பையில் கடலை.

எங்கள் ஊர் ஆட்களின் வசனங்களைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க நேரமெடுக்கும். ஆனால் ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டி வாசித்தார், நான் தமிழில் சொன்னேன். பக்கத்தில் சோமாலியக் குடும்பம் ஒன்று, பிலிப்பினோப் பிள்ளைகள் கொஞ்சம், எங்கள் ஆட்கள் தாராளம். ஒருவரும் கலை பார்க்க வந்த முகத்தோடு நிற்கவில்லை. கோயில் வீதியில் சப்பறம் வரும்வரை நிற்கிற மாதிரி நின்றார்கள். அம்மா வழியில் மூன்று சொந்தக்காரரைச் சந்தித்து, அதில் ஒருவரோடு பழைய கோபத்தையும் தீர்த்துக்கொண்டார். டவுன்டவுன் இரவில் இது நடந்திருக்காது.

அந்தக் கட்டடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஸ்காபரோ நகரமண்டபம் 1973இல் திறந்தது. வெள்ளை வெளேரென்று படிப்படியாக வளைந்து நிற்கும். வரைந்தவர் ரேமண்ட் மோரியாமா. வன்கூவரில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிக் கனடியர். இரண்டாம் உலகப் போரின்போது இந்த நாடே அவரையும் குடும்பத்தையும் தடுப்பு முகாமில் அடைத்து வைத்தது. அப்போது சின்னப் பையன். முகாமுக்கு வெளியே ஆற்றங்கரையில் தனக்கென்று ஒரு மரவீடு கட்டிக்கொண்டாராம். அவருடைய முதல் கட்டடம் அதுதான். காலமானது பிறகு, 2023இல். மற்றதையெல்லாம் அன்றிரவு அந்தச் சதுக்கத்தில் நின்றுகொண்டே அம்மாவுக்குச் சொன்னேன். கடலைத் தோலை ஊதிவிட்டு, "அவரும் முகாமில இருந்தவர்தானே, அதுதான் உள்ளுக்கு இவ்வளவு இடம் விட்டிருக்கிறார்" என்றார். கட்டடக்கலை மாணவர்கள் இதை என்ன சொல்வார்களோ தெரியாது, எனக்குச் சரியாகத்தான் பட்டது. உள்ளே போனால் நடுவில் வெட்டவெளிபோல உயர்ந்த ஒரு கூடம்.

கட்டடத்துக்குக் கிழக்கே ஒரு சின்னக் காடு இருக்கிறது. கனபேருக்குத் தெரியாது. ஷொப்பிங் மோலுக்கு வருகிறவர்கள் கார்களை நிறுத்திவிட்டு நேரே உள்ளே போய்விடுவார்கள். அன்று இரவு வெளிச்சத்திலிருந்து விலகிக் கொஞ்சம் நடந்தால் அந்த மரங்கள். சில கிளைகளில் மட்டும் நிறம் ஏறத் தொடங்கியிருந்தது. பின்னால் இசை, முன்னால் இலைச் சலசலப்பு. இலை பார்க்க மூன்று மணித்தியாலம் வடக்கே, கலை பார்க்க ஒரு மணித்தியாலம் தெற்கே என்று ஓடிக்கொண்டிருந்த எனக்கு அந்த இடத்தில் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

என் கருத்து இதுதான், ஏசுகிறவர்கள் கீழே ஏசலாம். ஒரே இரவில் ஒரு நகரத்தின் கலையைக் கொட்டித் தீர்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இலையுதிர்காலம் அப்படி நடப்பதில்லை. ஒரு மாதம் எடுத்துக்கொள்கிறது. வடக்கிலிருந்து மெல்ல இறங்கி, ஒவ்வொரு தெருவுக்கும் முறை வைத்து வருகிறது. இன்று தவறவிட்டால் நாளை பால் வாங்கப் போகும்போது பார்க்கலாம். இரவு வேலைக்காரருக்கும், கைக்குழந்தைக்காரருக்கும், முழங்கால் நோவுக்காரருக்கும் ஒரு நாள் மிச்சம் இருக்கும். எங்கள் ஆட்களில் எத்தனை பேர் சனிக்கிழமை இரவு தொழிற்சாலையிலும் உணவகத்திலும் நிற்கிறார்கள்? பொதுக் கலை என்றால் அவர்களும் பார்க்கக்கூடியதாக இருக்கவேண்டாமா?

என் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "கூட்டம்தான் அண்ணை கலை, ஊரே முழிச்சிருக்கிறதுதான் விஷயம், அதை மாதக் கணக்கில் இழுத்தால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டினம்" என்றார். உண்மையும் இருக்கிறது. தேர்த் திருவிழா ஒரு நாள்தான், அதனால்தான் வடம் பிடிக்க ஆள் சேருகிறது. ஆனால் தேருக்கு முன்னால் இத்தனை நாள் திருவிழா எதற்கு வைத்தார்கள்? தேரன்று வர முடியாதவனும் ஏதோ ஒரு நாள் வருவான் என்றுதானே.

நகரத்துக்கு இது தெரியாததும் இல்லை. 2021 இலையுதிர்காலத்திலிருந்து ஒரு வருடத்தைப் பொதுக்கலை ஆண்டாக நடத்தினார்கள். அதன் மையங்களில் ஒன்று எங்கள் ஸ்காபரோ டவுன் சென்டருக்குள்ளேயே இருந்தது. சப்பாத்து வாங்க வந்தவர்கள் படைப்புகளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். 2022இல் நுயி பிளான்ஷ் மறுபடி நேரில் நடந்தபோதும் ஸ்காபரோ, நோர்த் யோர்க், எட்டோபிக்கோ எல்லாவற்றுக்கும் விரித்தார்கள். சந்திகளில் நிற்கும் சிக்னல் பெட்டிகளில் ஓவியர்கள் வரைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் நகரத்தின் தெருக்கலைத் திட்டம்தான். பஸ்ஸுக்கு நிற்கும் பத்து நிமிடத்தில் பார்த்த ஒரு பெட்டி ஓவியம், வரிசையில் நின்று பார்த்த காணொளியைவிட எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஸ்காபரோவின் ஏரிக்கரையில் இருக்கும் கில்ட் பார்க் போயிருப்பீர்கள். கலியாணப் படத்துக்காக என்றாலும் போயிருப்பீர்கள். மணமகள் சாய்ந்து நிற்கும் அந்த உயரமான வெண் தூண்கள் ஏதோ கிரேக்கக் கோயிலுடையவை அல்ல, டவுன்டவுனில் 1966இல் இடித்த ஒரு வங்கிக் கட்டடத்தின் தூண்கள். 1932இல் அங்கே கலைஞர் குடியிருப்பு ஒன்றைத் தொடங்கிய ரோசா, ஸ்பென்சர் கிளார்க் தம்பதியர், நகரம் இடித்துத் தள்ளிய கட்டடங்களின் துண்டுகளைச் சேர்த்துக் கொண்டுவந்து வைத்தார்கள். தூண்கள் 1982இல் திறந்தவெளி அரங்காக எழுந்தன. ஒக்டோபர் மூன்றாம் கிழமை காலையில் போங்கள். கலியாணக் கூட்டம் வருமுன் போங்கள். கற்களுக்கு இடையில் இலை விழுந்து கிடக்கும், கொஞ்சம் தள்ளி ஏரி. பணம் கிடையாது, வரிசை கிடையாது, கலை விழா என்று பெயரும் கிடையாது.

போன ஞாயிறு அம்மாவை மோர்னிங்சைட் பார்க்குக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஓடும் ஹைலண்ட் கிரீக் ஆற்றில் சாமன் மீன் ஏறுகிற காலம். ஒன்ராறியோ ஏரியிலிருந்து எதிர்நீச்சல் போட்டு வருகின்றன. முழங்கால் ஆழம்கூட இல்லாத இடத்தில் முதுகு வெளியே தெரிய, வாலால் கல்லை அடித்துக்கொண்டு பெரிய மீன்கள். மேலே இரண்டு கரையிலும் மஞ்சள், செம்மஞ்சள், சில இடத்தில் சிவப்பு. முட்டையிட்டு முடிந்தவை செத்து ஒதுங்கிக் கிடக்க, நாற்றமும் இருந்தது. முகநூல் படத்தில் அது வராது.

அம்மா வெகுநேரம் பாலத்தில் நின்றார். "இதைக் குழம்பு வைக்கலாமோ?" என்பதுதான் முதல் கேள்வி. இந்தக் கட்டத்தில் தசை கெட்டுப்போயிருக்கும், ருசிக்காது என்றேன். "பாவம், இவ்வளவு தூரம் வந்து" என்றார். பிறகு போனை வாங்கினார். மீனைத்தான் எடுக்கப்போகிறார் என்று பார்த்தால், குனிந்து, தண்ணீரில் மிதந்து கல்லில் ஒட்டிக்கிடந்த ஒரு பழுப்பு ஓக் இலையை எடுத்தார். சிவப்புமில்லை, மஞ்சளுமில்லை. காவோலை நிறம்.

அந்தப் படம்தான் கீழே. விரல் ஒன்றும் விழுந்திருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருகிற ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு அதே பாலத்தடியில் நிற்போம். மீன் இந்தக் கிழமையோடு குறைந்துவிடும், இலை இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். அம்மா ரோல்ஸ் செய்வதாகச் சொல்லியிருக்கிறார், எத்தனை பேர் என்று கேட்கிறார். வருகிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். பழைய சப்பாத்து போட்டுக்கொண்டு வாருங்கள், கரை முழுக்கச் சேறு.