படகு கீழே, பேட்டரி மேலே

அடுக்குமாடியில் குடியிருந்துகொண்டு மீன்பிடிப் படகு வாங்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். தாராளமாக வாங்கலாம், ஆனால் படகைப் பார்க்கப் போவதற்கு முன்னால் 28 கிலோ மூட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறிப் பாருங்கள் என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

நான் அப்படி ஏறியவன். விடியுமுன் போய், வெயில் ஏறும்வரை தண்ணீரில் கிடந்து, ஒரு மீன்கூடச் சிக்காமல் திரும்பி வந்தால் லிப்ட் கதவில் 'பழுது' என்று அட்டை தொங்குகிறது. கையில் படகு மோட்டாரை ஓட்டும் பேட்டரி: 12 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர் கொள்ளளவு, ஈயத் தகடும் ஆசிட்டும் நிறைந்த லெட் ஆசிட் வகை. அதன் வார் விரலை அறுத்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் கை மாற்ற முடியாமல் இடுப்போடு அணைத்துக்கொண்டேன். துவைத்து எடுத்த பிறகுதான் கவனித்தேன், கால்சட்டையின் தொடைப் பக்கம் ஊசியால் குத்தினாற்போல் வரிசையாகப் பொத்தல்கள். மூடி ஓரம் கசிந்த ஆசிட். (சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அப்போதே துடைத்திருந்தால் துணி பிழைத்திருக்கும்.)

படகு வாங்க ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எங்கே நிறுத்துறது?" என்பதைத்தான். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. நிறுத்த இடம் எப்படியாவது அமைந்துவிடும். தெரிந்தவர் வீட்டுக் காலி மனை, வாடகைக் கிடங்கு, கரையோரப் படகுத்துறை, ஏதோ ஒன்று. பேட்டரி எந்தப் பிளக்கில், யாருடைய மீட்டரில், எத்தனை மணி நேரம் சார்ஜ் ஆகப்போகிறது என்பதற்குப் பதில் கிடைக்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், லெட் ஆசிட் பேட்டரிக்குப் பொறுமை கிடையாது. பாதி தீர்ந்த நிலையில் அதைப் போட்டு வைத்தால் உள்ளே ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும். அன்றைக்கே சார்ஜில் போட்டால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் கெட்டியாகி ஒட்டிக்கொள்ளும், அந்த அளவுக்குக் கொள்ளளவு போய்விடும். ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அது நிறைந்த பேட்டரி. 12.1 பக்கம் வந்தால் ஏறக்குறைய பாதி. அதற்குக் கீழே இறக்காமல் ஓட்டினால் நீண்ட நாள் உழைக்கும். எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும், "அடுத்த தடவை போறதுக்கு முந்தின நாள் போட்டுக்கலாம்" என்று படகிலேயே விட்டு வந்தேன். மாடியேறச் சோம்பல், அவ்வளவுதான். ஒரே பருவத்தில் பேட்டரி செத்தது. அரை நாள் ஓடிய மோட்டார் முக்கால் மணி நேரத்தில் முனக ஆரம்பித்தது.

அடுத்த பேட்டரிக்கு வேறு வழி பார்த்தேன். மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து கீழே நிற்கும் படகுக்கு எக்ஸ்டென்ஷன் வயரைத் தொங்கவிட்டேன். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அந்த வயரின் படம், கீழே "இது யாருடையது?" என்று ஒரு வரி. இரண்டாம் மாடி ஜன்னலை உரசிக்கொண்டு, நடுவில் ஒரு ஜாயின்ட்டோடு, மழைக்காலத்தில் தொங்கும் வயர். யார் பக்கம் நியாயம் என்று கேட்கவே வேண்டாம்.

பிறகு கார் நிறுத்துமிடத்தில் பொதுப் பிளக் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அதற்குத் 'திருட்டு கரன்ட்' என்று பெயர் வந்தது. அங்கேதான் எனக்குக் கோபம். சுவரில் செருகி அளக்கும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி, பாதி தீர்ந்த பேட்டரியை நிரப்ப எவ்வளவு ஆகிறது என்று பார்த்தேன். 10 ஆம்பியர் சார்ஜர் சுவரிலிருந்து 170 வாட் பக்கம்தான் இழுக்கிறது. மொத்தம் ஒரு யூனிட்டைத் தொடவில்லை. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் ஓடினாலே ஒரு யூனிட் ஆகிவிடும். அந்த மீட்டரைச் சங்கக் கூட்டத்துக்கே எடுத்துப் போனேன். என் வீட்டு மீட்டரிலிருந்து தனி இணைப்பு, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் பிரேக்கர், எலக்ட்ரீஷியன் கூலி என் செலவு என்று எழுதியும் கொடுத்தேன். செயலாளர் படித்துப் பார்த்துவிட்டு, "கணக்கெல்லாம் சரிதான் சார். உங்களுக்குக் கொடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்களே" என்றார். அதோடு முடிந்தது.

இப்போது யோசித்தால் நான் கேட்ட நேரம்தான் தப்பு. எந்தக் குடியிருப்பிலும் இன்றைக்கோ நாளைக்கோ மின்கார் சார்ஜிங் பேச்சு வரத்தான் போகிறது. அப்போது உங்கள் கோரிக்கையையும் அதோடு சேர்த்து வையுங்கள். படகுக்காரன் தனியாக நின்று கேட்டால் பைத்தியக்காரன். கார்க்காரர் நாலு பேரோடு நின்றால் உறுப்பினர்.

உங்கள் படகு நிற்கும் இடம் திறந்தவெளியா? கொடுத்து வைத்தவர். 50 வாட் சூரியப் பலகையும், பேட்டரிக்குள் அளவோடு கரன்ட் விடும் ஒரு சார்ஜ் கன்ட்ரோலரும் போதும். நல்ல வெயிலில் ஒரு நாளுக்கு 200 வாட் ஹவர், அதாவது யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கொடுக்கும். வாரம் ஒருமுறை மீன் பிடிக்கப் போகிறவருக்கு நடுவில் இருக்கும் நாட்களே பேட்டரியை நிரப்பிவிடும். என் படகு நிற்பது கூரைக்கடியில், அதனால் எனக்கு அந்த யோகம் இல்லை.

எனவே பேட்டரி வீட்டுக்குள்தான் வந்தாக வேண்டும். இங்கே கொஞ்சம் நின்று பேசணும். தண்ணீர் ஊற்றும் வகை லெட் ஆசிட் பேட்டரி, சார்ஜ் நிறையும் தறுவாயில் ஹைட்ரஜனை வெளியே விடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கக்கூடிய வாயு அது. மேலே எழும்பிக் கூரையடியில் தேங்கும். அலமாரிக்குள், கட்டிலுக்கடியில், கதவடைத்த ஸ்டோர் ரூமில் சார்ஜ் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். பால்கனியில் போடுங்கள், மழைத்தண்ணீர் படாத மூலையில். கிளிப்பை மாட்டிவிட்டு சுவிட்சைப் போடுங்கள். கழற்றும்போது சுவிட்சை அணைத்துவிட்டுக் கிளிப்பைத் தொடுங்கள். மாற்றிச் செய்தால் பேட்டரி தலைமேலேயே பொறி பறக்கும்.

"சிமென்ட் தரையில வெச்சா சார்ஜ் இறங்கிடும், பலகை போடு" என்று ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார். பேட்டரிப் பெட்டியை ரப்பரிலும் மரத்திலும் செய்த காலத்து அறிவுரை அது. இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்குப் பொருந்தாது. ஆனாலும் என் பலகை இன்னும் அங்கேதான் இருக்கிறது, பெரியவருக்காக.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. அதே 100 ஆம்பியர் ஹவர், எடை 12 கிலோ. ஒரு கையில் பேட்டரி, இன்னொரு கையில் தூண்டில், லிப்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறிவிடுகிறேன். பாதியில் போட்டு வைத்தாலும் கெடாது. கிட்டத்தட்ட முழுக் கொள்ளளவையும் பயன்படுத்தலாம் என்பதால் தண்ணீரில் கிடைக்கும் நேரம் லெட் ஆசிட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. விலை கசக்கும். ஆனால் சல்பேட் ஏறிச் செத்த பேட்டரிகளின் விலையையும் எலும்பு மருத்துவருக்குக் கொடுத்ததையும் கூட்டினால் என் கணக்கு நேராகிவிட்டது. இதற்கென்று உள்ள சார்ஜரையே வாங்குங்கள். பழைய சார்ஜரில் சல்பேட் நீக்கும் முறை என்று ஒன்று இருக்கும், அது இதற்கு ஆகாது. உறைநிலைக் குளிரில் சார்ஜ் போடக் கூடாது. மற்ற லித்தியம் வகைகளைவிட இது சாது என்பது உண்மைதான், அதற்காக வாசல் கதவுப் பக்கம் வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். ஏதாவது ஆனால் ஓட வேண்டிய வழி அதுதான்.

படகைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மோட்டாரையும் மீன் காட்டும் கருவியையும் கழற்றி மேலே கொண்டுவந்துவிடுங்கள். பெட்ரோல் மோட்டார் வைத்திருந்தால் அதன் டேங்கை எக்காரணம் கொண்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். டிரெய்லருக்குச் சக்கரப் பூட்டு போடுங்கள். மடித்து வைக்கும் காற்றுப் படகானால் நன்றாக உலர்த்திவிட்டு மடியுங்கள், இல்லையென்றால் பூஞ்சை நாற்றம் வீடு முழுக்க.

திறந்தவெளியில் நிற்கும் படகுக்கு மூக்கைத் தூக்கி வைத்து, பின்பக்கத்து டிரெயின் பிளக்கை, அதாவது தண்ணீர் வடியும் ஓட்டையை அடைக்கும் மூடியை, கழற்றி வைக்க வேண்டும். 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் 12 அடிப் படகுக்குள் 200 லிட்டர் சேரும், அதாவது 200 கிலோ. டிரெய்லர் டயர் சப்பிப்போய் நிற்கும். கூரைக்கடியில் இருந்தாலும் நான் கழற்றித்தான் வைக்கிறேன், உள்ளே ஈரம் தங்காது.

கழற்றியதைத் திரும்ப மாட்ட வேண்டுமே. ஒருநாள் மாட்டாமலே இறக்கிவிட்டேன். கரையிலிருந்து முப்பதடி போனதும் பாதம் குளிர்ந்தது. குனிந்து பார்த்தால் மீன் போடும் வாளி மிதக்கிறது. அன்றிலிருந்து அந்தப் பிளக்கை ஒரு சாவி வளையத்தில் கோத்து, பேட்டரியின் கைப்பிடியிலேயே மாட்டி வைத்திருக்கிறேன். இதை எழுதும்போதும் பால்கனியில், பெரியவரின் பலகைமேல், சார்ஜரின் பச்சை விளக்குக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது.