விங் இல்லாத கார் காயலான் கடைச் சரக்கு இல்லை

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். லிங்க் போட்டு அதற்கு இன்னும் நாலு பேரைச் சேர்த்துவிட எனக்கு விருப்பமில்லை. கார்ட்டிங் ஓட்டும் பையனின் அப்பா பணிவாகத்தான் கேட்கிறார்: "இங்கிலாந்துல ஒரு வருஷம் ஃபார்முலா ஃபோர்டு ஓட்டிட்டு அப்புறம் எஃப்4-க்குப் போகலாமா சார்?" வீடியோவில் அவருக்கு வந்த பதில்: "அதெல்லாம் காயலான் கடைச் சரக்கு. விங் இல்லாத கார்ல என்னத்தக் கத்துப்பான்? கடன வாங்கியாவது நேரா எஃப்4-ல போடுங்க." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஃபார்முலா ஃபோர்டும் எஃப்4 என்கிற ஃபார்முலா 4-ம் கார்ட்டிங் முடித்த பிள்ளைகள் ஏறுகிற ஒற்றை இருக்கை ரேஸ் கார்கள். எஃப்4-ல் விங், அதாவது காரைக் காற்றால் அமுக்குகிற இறக்கைத் தகடு உண்டு; ஃபார்முலா ஃபோர்டில் இல்லை. விங் இல்லாத காரில்தான் கற்றுக்கொள்வான். இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

விங் உள்ள கார் வேகம் கூடக் கூடக் காற்றால் தரையோடு அமுக்கப்படுகிறது. ஃபார்முலா ஃபோர்டில் அந்த உதவி கிடையாது. ஸ்டீல் குழாய்ச் சட்டம், 1600 சிசி கென்ட் இன்ஜின், வெபர் கார்புரேட்டர், சுமார் 110 குதிரைத்திறன், ஒல்லி டயர். பிடிமானம் வேண்டுமென்றால் பிரேக்கை வைத்து எடையை முன்னால் தள்ளி வரவழைக்க வேண்டும். வளைவின் வாசலில் பிரேக்கைச் சட்டென விட்டால் மூக்கு தூக்கும், கார் திரும்பாது. பிடித்துக்கொண்டே இருந்தால் பின்பக்கம் வழுக்கும். நடு வளைவில் பயந்து ஆக்சிலேட்டரை விட்டால் சுழன்று புல்லில் போய் நிற்பான். இன்ஜினில் உபரி சக்தி இல்லாததால், வளைவை விட்டு வெளியே வரும்போது இழந்த வேகம் நேர்ச்சாலை முடிகிற வரைக்கும் திரும்ப வராது. ஒவ்வொரு தப்புக்கும் உடனே தண்டனை. இதைவிடக் கறாரான வாத்தியார் எங்கே கிடைப்பார்?

"பழைய காலத்துக் கதை" என்று கமென்ட் போடப்போகிறவர்களுக்கு அந்தப் பழைய காலத்தையும் சொல்லிவிடுகிறேன். 1960-களில் இங்கிலாந்தின் ரேஸிங் பள்ளிகளில் ரேஸ் இன்ஜின்கள் உடைந்து செலவு கட்டுப்படியாகவில்லை. மோட்டார் ரேஸிங் ஸ்டேபிள்ஸ் பள்ளி நடத்திய ஜெஃப் கிளார்க் கார்ட்டினா காரின் சாதாரண இன்ஜினை மாட்டிப் பார்த்தார். பிராண்ட்ஸ் ஹாட்ச் டிராக்கின் ஜான் வெப் அதைப் பிடித்துக்கொண்டார், ஃபோர்டு கம்பெனியும் சேர்ந்தது. முழுக் காரின் விலை 1,000 பவுண்டைத் தாண்டக் கூடாது, ரோட்டு டயரில்தான் ஓட வேண்டும் என்று விதி வைத்தார்கள். 1967 ஜூலை 2 அன்று பிராண்ட்ஸ் ஹாட்ச்சில் முதல் ரேஸ். ரே ஆலன் ஜெயித்தார்.

அதற்கப்புறம் நடந்ததைப் பாருங்கள். 1969-ல் பிரேசிலிலிருந்து வந்து மெர்லின் காரில் ஃபார்முலா ஃபோர்டு ஓட்டிய எமர்சன் ஃபிட்டிபால்டி, 1970 அக்டோபரில் ஃபார்முலா ஒன்னில் அமெரிக்க கிராண்ட் பிரியை ஜெயித்துவிட்டார். 1981-ல் வான் டீமன் காரில் ஒரே வருடத்தில் இரண்டு ஃபார்முலா ஃபோர்டு பட்டங்களை எடுத்த இளைஞன், பின்னாளில் ஃபார்முலா ஒன் உலக சாம்பியனான அயர்டன் சென்னா. பிராண்ட்ஸ் ஹாட்ச்சில் வருடாவருடம் நடக்கிற ஃபார்முலா ஃபோர்டு ஃபெஸ்டிவல் போட்டியை 1996-ல் ஜெயித்தவர், பிற்பாடு ஃபார்முலா ஒன்னுக்குப் போன மார்க் வெபர். 1998-ல் சாம்பியன்ஷிப், ஃபெஸ்டிவல் இரண்டையும் ஜென்சன் பட்டன். இரண்டே வருடத்தில் பட்டன் ஃபார்முலா ஒன்னில் வில்லியம்ஸ் டீமின் காரில் உட்கார்ந்திருந்தார்.

பின்னாளில் ஃபார்முலா ஒன் உலக சாம்பியனான நைஜல் மேன்சல் 1976-ல் ஃபார்முலா ஃபோர்டு ஓட்ட ஆரம்பித்து, 1977-ல் அதற்காக வேலையையே விட்டவர். அந்த வருடமே பிராண்ட்ஸ் ஹாட்ச்சில் கழுத்தெலும்பு முறிந்தது. மருத்துவர்கள் சொன்னதை மீறி ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்து, திரும்பவும் ஓட்டி, அந்த வருடச் சாம்பியன் ஆனார். கழுத்து உடைந்தும் திரும்பிப் போய் உட்கார்ந்த காரைத்தான் காயலான் கடைச் சரக்கு என்கிறார்கள்.

நரேன் கார்த்திகேயனையும் மறந்துவிட்டோமா? கோயம்புத்தூர்ப் பையன் 1994-ல் பிரிட்டிஷ் ஃபார்முலா ஃபோர்டு வின்டர் சீரிஸை ஜெயித்து, ஐரோப்பாவில் பட்டம் வென்ற முதல் இந்தியர் ஆனார். 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஜோர்டன் டீமின் காரில் அவர் உட்கார்ந்ததை ஊரே கொண்டாடினோம். அவர் ஏறிவந்த படியைப் பார்த்துத்தான் இன்றைக்குச் சிரிக்கிறோம்.

சரி, காருக்கே வருகிறேன். ஸ்லிப்ஸ்ட்ரீம் எல்லோருக்கும் தெரியும். முன்னால் போகிற கார் காற்றைக் கிழிக்க, பின்னால் வருகிற காருக்கு இழுப்பு கிடைக்கும். விங் கார்களில் அந்தக் கலங்கிய காற்றுதான் வளைவில் எதிரி. முன் விங் சரியாக வேலை செய்யாது, கார் வெளியே தள்ளும், டயர் சூடாகும், ரேஸ் ஊர்வலமாகிவிடும். விங் இல்லாத கார்கள் வளைவிலும் ஒட்டிக்கொண்டே போகும். அதனால்தான் ஒரே சுற்றில் முதலிடம் நாலு தடவை கைமாறுகிறது. அதில் பிழைப்பதற்கு நுணுக்கம் வேண்டும். இழுப்பில் போகும்போது காற்றுத் தடை குறைவு, ஆகவே பிரேக் போட்டாலும் கார் வழக்கம்போல் நிற்காது. தனியாக ஓடும்போது பிரேக் போடுகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே மிதிக்க வேண்டும். புதுசாக வருகிற பையன்கள் முன்னால் இருப்பவனின் கியர்பாக்ஸில் போய் முட்டுவது இதனால்தான். ரேடியேட்டருக்குக் காற்று வராமல் சூடும் ஏறும். நேர்ச்சாலையில் அரைக் கார் அகலம் விலகி இன்ஜினை மூச்சு விட வைக்கணும். பக்கத்துக் காரின் முன்சக்கரமும் உன் பின்சக்கரமும் கோத்துக்கொண்டால் கார் ஆகாயத்தில் பறக்கும். அந்தப் பயம்தான் இடம் விட்டு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறது.

ஃபெஸ்டிவல் நாளில் பேடாக்கில், அதாவது கார்களைத் தயார் செய்கிற இடத்தில் போய்ப் பாருங்கள். ஹீட் என்கிற தகுதி ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவே ஹியூலண்ட் எல்டி200 கியர்பாக்ஸின் பின்மூடியைக் கழற்றி, விரல் முழுக்க எண்ணெயோடு ஒரு பையன் பல்சக்கர ஜோடியை மாற்றிக்கொண்டிருப்பான். அப்பா கையில் டார்ச். கடைசி கியரான நாலாவதில்தான் எல்லாத் தந்திரமும் இருக்கிறது. தனியாக ஓடும்போது நேர்ச்சாலை முடிவில் இன்ஜின் உச்ச சுழற்சியைத் தொடுகிற மாதிரி வைத்துவிட்டால், இழுப்பில் வந்து தாண்டப்போகிற நேரத்தில் மேலே ஏற இடமே இருக்காது. ஆகவே கொஞ்சம் நீளமான கியராக, அதாவது அதே சுழற்சியில் கூடுதல் வேகம் தருகிற கியராக வைப்பார்கள். ரொம்ப நீளமாகிவிட்டால் எதிர்க்காற்றில் மூச்சுத் திணறும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கொடியைப் பார்த்து முடிவெடுக்கிற பதினாறு வயசுப் பையனுக்கு எதுவும் தெரியாது என்கிறீர்களா?

கியரை அரை மனசாகப் போட்டால் பற்றிக்கொள்கிற நாய்ப்பல் முனைகள் மழுங்கும், அப்புறம் பாரம் வரும்போது கியர் தானாக நழுவும். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் வெள்ளித்தூள் ஒட்டியிருப்பதைப் பார்த்தாலே யார் கை செய்த வேலை என்று தெரிந்துவிடும். நாலு சக்கரத்துக்கும் அடியில் தராசு வைத்து, ஓட்டுநரை உட்கார வைத்து, வளைவில் கார் சாய்வதைக் குறைக்கிற ஆன்டி-ரோல் பாரைக் கழற்றிவிட்டு, மூலைவிட்ட எடைகள் சமமாகும்வரை ஸ்பிரிங்கைத் திருக வேண்டும். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் பிரேக்கில் ஒரு முன்சக்கரம் மட்டும் பூட்டிக்கொள்ளும், கார் இடதுபக்கம் ஒரு மாதிரி, வலதுபக்கம் ஒரு மாதிரி திரும்பும். எஃப்4-ல் இதையெல்லாம் டீம் செய்துகொடுக்கும். பையன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்தால் போதும்.

"எஃப்4-ல கார்பன் மோனோகாக் இருக்கு, ஹேலோ இருக்கு, பாதுகாப்பு முக்கியமில்லையா?" முக்கியம்தான். ஓட்டுநரைச் சுற்றியிருக்கிற கார்பன் கூடும், தலையைக் காக்கிற ஹேலோ வளையமும் வேண்டியவைதான், அதில் மறுபேச்சு இல்லை. ஹேலோவை விங் இல்லாத காரிலும் வைக்கலாம் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

"எஃப்4 சாம்பியனுக்கு சூப்பர் லைசென்ஸுக்கு 12 பாயிண்ட் கிடைக்கும், ஃபார்முலா ஃபோர்டுக்கு ஒண்ணும் கிடையாது." உண்மை. ஃபார்முலா ஒன் ஓட்ட வேண்டிய அந்த லைசென்ஸுக்குத் தேவை 40 பாயிண்ட். அந்த 12-ஐ எடுக்க முதலில் சாம்பியன் ஆக வேண்டுமே! கிரிட்டில் கடைசியில் ஓடி, ஒரு வருடம் கோடிகளைக் கரைத்து, பூஜ்யத்தோடு திரும்புகிறவர்களைப் பற்றி யாராவது வீடியோ போடுகிறீர்களா?

"வெர்ஸ்டாப்பன் கார்ட்டிங்கிலிருந்து நேரா எஃப்3-க்குப் போனாரே?" போனார். அவர் அப்பா ஃபார்முலா ஒன் ஓட்டியவர். வீட்டிலேயே பள்ளிக்கூடம் வைத்திருந்தவரை எல்லோருக்கும் உதாரணமாகக் காட்டாதீர்கள்.

"அவ்வளவு நல்லதுன்னா ஏன் செத்துப்போச்சு?" இந்தக் கேள்விதான் ரொம்ப வலிக்கிறது. அது சாகவில்லை. மேல்மட்டத்தில் அதை மாற்றி மாற்றித் தேய்த்தார்கள். பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பில் 1993-ல் கென்ட்டை எடுத்துவிட்டு ஸீடெக் இன்ஜின், 2006-ல் டுராடெக் இன்ஜின், 2012-ல் டர்போ வைத்த ஈகோபூஸ்ட் இன்ஜின், 2013-ல் விங். ஒவ்வொரு மாற்றத்திலும் செலவு ஏறியது, போட்டிக்கு வருகிற கார்கள் குறைந்தன. 2015-ல் அது எம்எஸ்ஏ ஃபார்முலா ஆனது, லாண்டோ நோரிஸ் ஜெயித்தார், அடுத்த வருடம் எஃப்4 என்று போர்டு மாட்டினார்கள். ஆனால் தூக்கிப்போட்ட அந்தப் பழைய கென்ட் கார்கள்? இன்றைக்கும் அக்டோபரில் பிராண்ட்ஸ் ஹாட்ச் ஃபெஸ்டிவலிலும், நவம்பரில் சில்வர்ஸ்டோன் வால்டர் ஹேஸ் டிராஃபியிலும் ஹீட், அரையிறுதி என்று பிரித்து நடத்துகிற அளவுக்குக் கூட்டமாக வருகின்றன. உற்பத்தியை நிறுத்திய கென்ட் பிளாக்கை ஃபோர்டு மறுபடியும் வார்க்க வேண்டி வந்தது. செத்துப்போனதற்கு யார் உதிரிபாகம் செய்கிறார்கள்?

எனக்கு எஃப்4 மேல் கோபம் இல்லை. பதினைந்து வயசுப் பிள்ளையின் குடும்பத்தைக் கடன் வாங்கச் சொல்லிவிட்டு, அந்தக் கடனில் ஒரு பைசாவுக்கும் பொறுப்பேற்காத வாய்கள் மேல்தான் கோபம். ஃபார்முலா ஒன்னில் இருக்கிற இடங்களை இரண்டு கை, இரண்டு கால் விரலால் கிட்டத்தட்ட எண்ணி முடித்துவிடலாம். மீதிப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? பல்சக்கர ஜோடியை மாற்றவும், கார்புரேட்டர் மிதவையைச் சரிசெய்யவும், மூலை எடை பார்க்கவும் தெரிந்தவனுக்கு எந்த டீமிலும் வேலை உண்டு. சீட்டில் உட்கார மட்டும் பழகியவன் பணம் தீர்ந்த அன்றைக்கு வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

அந்த அப்பா இதைப் படித்தால்: ஐயா, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. எஃப்4-க்கு முன்பணம் கட்டுவதற்கு முன், ஒரு கென்ட் காரை ஒரு டெஸ்ட் நாளுக்கு வாடகைக்கு எடுங்கள். மழை நாளாக அமைந்தால் விட்டுவிடாதீர்கள். காலையில் பழைய டயரில் ஓட்டட்டும், மதியம் கியர்பாக்ஸைத் திறந்து நாலாவது கியரை அவனையே மாற்றச் சொல்லுங்கள், சாயங்காலம் என்ன வித்தியாசம் தெரிந்தது என்று கேளுங்கள். அவன் சொல்கிற பதிலை வைத்து அடுத்த செலவை முடிவு செய்யுங்கள்.