மூன்று புள்ளி ஷாட்டை நம்பினால் பட்டம் வராதா?

"மூன்று புள்ளி ஷாட் வெறும் சூதாட்டம், அதை நம்பும் அணி அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் பட்டம் வெல்லாது" என்ற பேச்சு சுற்றி வருகிறது. இது தவறு.

கூடையிலிருந்து தள்ளி வளைவாக வரைந்த கோட்டுக்கு வெளியே நின்று போட்டால் மூன்று புள்ளி, உள்ளே நின்று போட்டால் இரண்டு. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ இந்தக் கோட்டு விதியை எல்லா ஆண்கள் அணிகளுக்கும் கொண்டுவந்தது 1986–87 பருவத்தில். அந்த முதல் ஆண்டிலேயே இந்தியானா பல்கலைக்கழக அணி பட்டம் வென்றது. சிராக்யூஸுக்கு எதிரான இறுதியாட்டத்தில் அதன் கார்டு (பெரும்பாலும் கூடைக்குத் தள்ளி நின்று ஆடும் வீரர்) ஸ்டீவ் ஆல்ஃபோர்ட் மூன்று புள்ளிக்கு 10 முறை எறிந்து 7 முறை கூடையில் போட்டார். அவ்வளவு போட்டும் வெற்றி ஒரே புள்ளியில்தான்: 74-73. அந்த ஷாட்கள் இல்லாமல் பட்டம் ஏது?

சரி, கணக்கைப் பாருங்கள். கோட்டுக்கு வெளியிலிருந்து 100 முறை எறிந்து 35 விழுந்தால் 105 புள்ளிகள். உள்ளே நின்று 100 முறை எறிந்து 50 போட்டாலும் 100 புள்ளிகள்தான். அப்புறம், நல்ல ஷூட்டரைக் காப்பவர் அவரை விட்டு நகர முடியாது. அதனால் கூடைக்கடியில் மற்றவர்களுக்கு இடம் திறக்கும். ஸ்கோர் பட்டியலில் இது தெரியாது, ஆனால் எனக்கு இதுதான் பெரிய பலன்.

கை ஓடாத இரவுகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2018இல் வில்லனோவா அரையிறுதியில் கான்சஸுக்கு எதிராக 18 மூன்று புள்ளி ஷாட்கள் போட்டது. இறுதியில் மாற்று வீரராக இறங்கிய கார்டு டான்டே டிவின்சென்சோ 31 புள்ளிகள் எடுக்க, மிச்சிகனை 79-62 என வீழ்த்திப் பட்டம் வென்றது.