முதல் வரிசைக்குக் காசு கட்டும் முன்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அம்மா அப்பாவுக்கு டிக்கெட் போடும்போது, பாசத்தில் கூடுதல் காசு கட்டி எகானமியின் முதல் வரிசையை வாங்கிக் கொடுக்கிறார்கள். "கால் நீட்டிக்கலாம்மா" என்று ஃபோனில் சொல்லியும் வைக்கிறார்கள். போய் உட்கார்ந்தால் எதிரே சுவர். முன்னால் சீட் இல்லை என்றால் கைப்பையைத் தள்ளி வைக்கவும் இடம் இல்லை. மாத்திரை டப்பா, மூக்குக்கண்ணாடி, சால்வை எல்லாம் விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் தலைக்கு மேல் லாக்கரில்தான் இருக்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டை மடித்துக் கைப்பிடிக்குள் சொருகி இருப்பார்கள். அதனால் கைப்பிடி கட்டை மாதிரி தடித்திருக்கும், தூக்க முடியாது, உட்காரும் அகலமும் கொஞ்சம் குறையும். குழந்தைத் தொட்டில் மாட்டும் கொக்கியும் அந்தச் சுவரில்தான். பக்கத்தில் கைக்குழந்தை வந்தால் அதைக் குறை சொல்ல முடியாது. அது குழந்தைக்கான இடம், நாம்தான் காசு கொடுத்துப் போய் உட்கார்ந்திருக்கிறோம்.

எமர்ஜென்சி எக்ஸிட் வரிசைக்கு இதைவிடப் பெரிய பெயர். ஆறடி ஆளுக்கு, தனியாகப் போகிறவருக்கு, அது நியாயமான செலவு. ஆனால் பெரிய விமானங்களில் அந்த வரிசையின் விண்டோ சீட்டை எடுக்காதீர்கள். அவசர காலத்தில் ஊதி விரியும் சறுக்குப் பலகை கதவின் அடிப்பகுதியில் பெட்டி போல் புடைத்துக்கொண்டிருக்கும், அது சரியாக அந்த சீட்டுக்காரரின் முழங்காலுக்கு நேரே நிற்கும். கதவோரம் குளிரும். கழிவறைக்குக் காத்திருப்பவர்கள் உங்கள் பாதத்துக்கு முன்னால்தான் கூட்டம் போடுவார்கள். வயதானவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள், பெல்ட்டுக்கு நீட்டிப்புத் துண்டு தேவைப்படுகிறவர்கள் அங்கே உட்கார முடியாது. ஆன்லைனில் தெரியாமல் வாங்கிவிட்டாலும் கேட்டிலோ உள்ளேயோ எழுப்பி வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

சரி, எதை எடுப்பது? விண்டோவா, நடைபாதையை ஒட்டிய ஐலா என்று யோசிக்கும் முன் பார்க்க வேண்டியது விமானத்தின் ரகம். டிக்கெட்டிலேயே சின்ன எழுத்தில் இருக்கும்.

போயிங் 777 வந்தது 1995-ல். அப்போது பெரும்பாலான நிறுவனங்கள் எகானமியில் வரிசைக்கு 9 சீட் போட்டன. இன்று அதே உடம்புக்குள் 3-4-3 என்று, இடையில் இரண்டு நடைபாதை விட்டு, 10 சீட் வைப்பதுதான் வழக்கம். ஒரு சீட்டின் அகலம் சுமார் 17 அங்குலம். 787 ட்ரீம்லைனரை 2-4-2 என்று 8 பேருக்காக யோசித்தார்கள், கிட்டத்தட்ட எல்லாரும் 3-3-3 ஆக்கிவிட்டார்கள். ஜப்பான் ஏர்லைன்ஸ் மட்டும் தன் சர்வதேச 787-களில் 2-4-2 வைத்திருப்பதை இந்தத் தொழிலில் ஒரு நாகரிகம் என்றே சொல்வேன். ஏர்பஸ் ஏ350-ல் பெரும்பாலும் 3-3-3, ஏ330-ல் 2-4-2, இரண்டிலும் சீட் சுமார் 18 அங்குலம். ஏ380-ன் கீழ்த்தளத்தில் 3-4-3 என்றாலும் உடம்பு அகலம் என்பதால் சீட் சுமார் 18 அங்குலம் இருக்கும். ஒரு அங்குலம்தானே என்று தோன்றும். பக்கத்து ஆள் தோளோடு தோள் உரசி 14 மணி நேரம் உட்காரும்போது அந்த ஒரு அங்குலம்தான் எல்லாம்.

சீட் பிட்ச் என்று 31, 32 என்று போட்டிருப்பார்களே, அது கால் வைக்கும் இடத்தின் அளவு அல்ல. ஒரு சீட்டின் ஒரு புள்ளியிலிருந்து முன் சீட்டின் அதே புள்ளி வரைக்குமான தூரம். சாய்மானத்தின் கனமும் அதற்குள் அடக்கம். முதுகு மெலிந்த புது சீட்டில் 31 அங்குலம், பஞ்சு தடித்த பழைய சீட்டின் 32-ஐவிட முழங்காலுக்கு வசதியாக இருக்கலாம். ஆனால் இடுப்புக்கு அந்த மெலிந்த சீட் ஆறாவது மணி நேரத்தில் வஞ்சகம் செய்யும்.

காற்றிலும் வித்தியாசம் உண்டு. பழைய ரகங்களில் உள்ளே இருக்கும் அழுத்தம் சுமார் 8,000 அடி உயரத்து மலையில் இருப்பது போல் போகும். 787, ஏ350 இரண்டிலும் 6,000 அடி அளவோடு நிறுத்துகிறார்கள். இறங்கும்போது தலைவலியும் வறட்சியும் குறைவாக இருக்கும். ஒரே விலையில் இரண்டு விமானம் கிடைத்தால் நான் கை நீட்டுவது ஏ350 பக்கம்தான். அகலமும் காற்றும் சேர்ந்து கிடைப்பது அதில்.

இனி முக்கியமான கணக்கு. யாருமே போடாத கணக்கு இது: ராத்திரியில் உங்களைத் தாண்டி எத்தனை பேர் எழுந்து போவார்கள், நீங்கள் எத்தனை பேரைத் தாண்ட வேண்டும்?

777-ன் 3-4-3-ல் எழுத்துகள் ஏ பி சி, டி இ எஃப் ஜி, ஹெச் ஜே கே என்று ஓடும். 'ஐ' இருக்காது, 1 என்று குழம்பும் என்பதால் விட்டுவிடுகிறார்கள். இதில் சி, டி, ஜி, ஹெச் நான்கும் ஐல் சீட்டுகள்தான். ஆனால் நான்கும் ஒன்றல்ல. சி-யில் உட்கார்ந்தால் ஏ, பி இரண்டு பேரும் உங்களை எழுப்பித்தான் போயாக வேண்டும். டி-யில் உட்கார்ந்தால் இ ஒருவர் மட்டும். எஃப் அந்தப் பக்கம் ஜி வழியாகப் போய்விடுவார். அதே டிக்கெட், அதே ஐல், தூக்கம் கெடுவது பாதி. 3-3-3-ல் இன்னும் நல்லது. நடு மூன்றின் ஓரத்தில் உட்கார்ந்தால், நடுவில் இருப்பவருக்கு இரண்டு பக்கமும் வழி உண்டு. நீங்கள் தூங்குவதைப் பார்த்தால் மறுபக்கத்து ஆளை எழுப்புவார். நீண்ட பயணத்தில் தனியாகப் போகிறவருக்கு நான் எப்போதும் சொல்வது நடுத் தொகுதியின் ஐல்.

இருவராகப் போகும் தம்பதிக்கு இந்தக் கணக்கு இன்னும் அழகாக வரும். விண்டோ பக்கம் ஏ, பி எடுத்தால் ஒவ்வொரு தடவையும் சி-யில் இருக்கும் முன்பின் தெரியாதவரை எழுப்ப வேண்டும். நம் ஊர்ப் பெரியவர்கள் அந்தக் கூச்சத்திலேயே தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பி, சி எடுத்தால் ஏ-க்காரர் இவர்களை எழுப்புவார். நடுவில் டி, இ எடுத்தால் இவர்களைத் தாண்ட வேண்டியவர் யாருமில்லை, இவர்கள் தாண்ட வேண்டியவரும் யாருமில்லை. அம்மா இ, அப்பா டி. தீர்ந்தது. கொழும்பிலிருந்து லண்டன் போகும் ஸ்ரீலங்கன் ஏ330 போன்ற 2-4-2 விமானம் என்றால் விண்டோ பக்கத்து இரண்டு சீட்டையே எடுத்துவிடலாம், மூன்றாவது ஆளே இல்லை. கத்தார் ஏர்வேஸ், பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனங்களின் ஏ380-ல் மேல்தளத்தின் பின்பகுதியிலும் 2-4-2 எகானமி உண்டு. அங்கே விண்டோவை ஒட்டிச் சுவரோரமாக ஒரு பெட்டி இருக்கும், மாத்திரை, கண்ணாடி, புத்தகம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்.

பெரியவர்களுக்கு ஐல் பக்கம் என்று சொல்வதற்கு வசதி மட்டும் காரணம் அல்ல. 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் ரத்தம் கட்டும் ஆபத்து சுமார் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-ல் சொன்னது. ஆரோக்கியமான ஆளுக்கு அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவுதான், பயப்பட வேண்டாம். முன்பே ரத்தம் கட்டியவர், அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், கர்ப்பிணி, உடல் பருமன் உள்ளவர் இவர்களுக்கு மட்டும் ஐல் சீட்டை ஆடம்பரமாக நினைக்காதீர்கள். எழுந்து நடக்கத் தடை இல்லாமல் இருக்க வேண்டும். இறுக்கக் காலுறை வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

விண்டோ யாருக்கு? சுவரில் தலை சாய்த்துத் தூங்குகிறவருக்கு. ஏறினால் இறங்கும் வரை எழாத வரம் பெற்றவருக்கு. வெயில் எந்தப் பக்கம் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்திலிருந்து ஐரோப்பாவை நோக்கிப் பகலில் போனால் நண்பகலுக்குப் பிறகு சூரியன் இடது கைப்பக்கம், அதாவது ஏ பக்கம். 787-ல் இழுத்து மூடும் தடுப்பே கிடையாது, பொத்தானை அமுக்கினால் கண்ணாடி நீலமாக இருளும். எவ்வளவு இருண்டாலும் நேர் வெயில் ஊடுருவி வரும். இருட்டின் அளவைப் பணியாளர்களே மொத்தமாகப் பூட்டிவிடவும் முடியும். ஜன்னலே இல்லாத 'விண்டோ' சீட்டும் உண்டு. ஏசி குழாய் மேலே ஏறும் இடத்தில் சுவர் மொட்டையாக இருக்கும். போயிங் 737-ல் இது பிரசித்தம். ஏரோலோபா என்ற தளத்தில் விமானம் விமானமாக வரைபடம் போட்டிருக்கிறார்கள், ஜன்னல் எங்கே இருக்கிறது என்பது வரை தெரியும். பல விமான நிறுவனங்களின் சொந்தப் படத்தில் இது இருக்காது.

முன்னாலா பின்னாலா? சத்தம் இறக்கைக்கு முன்னால் குறைவு, எஞ்சினுக்குப் பின்னால் இரைச்சல் கூடும். ஆட்டம் இறக்கையின் மேல் குறைவு, வாலில் அதிகம். சீசா பலகையின் நடுவிலும் ஓரத்திலும் உட்காருவதற்கு உள்ள வித்தியாசம். ஆனால் இறக்கை மேல் உட்கார்ந்தால் பெல்ட் வேண்டாம் என்று யாரும் நினைக்கக் கூடாது. 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ 321 விமானம் மியான்மர் வானில் சிக்கிய குலுக்கலில், பெல்ட் போடாமல் இருந்தவர்கள் மேலே தூக்கி எறியப்பட்டு விழுந்தார்கள். ஒரு பயணி இறந்தார். போர்வைக்கு மேலே பெல்ட்டைப் போடுங்கள். பெல்ட் கண்ணுக்குத் தெரிந்தால் சரிபார்க்க உங்களை எழுப்ப மாட்டார்கள் என்பது கூடுதல் லாபம்.

துபாய், தோஹாவில் ஒன்றரை மணி நேர டிரான்சிட் என்றால் முன்பக்கம் எடுங்கள். 45-வது வரிசையிலிருந்து வெளியே வருவதற்குள் முன்னால் இருந்தவர்கள் செக்யூரிட்டி வரிசையில் நின்றிருப்பார்கள். நேரம் இருக்கிறது என்றால் பின்பக்கத்தைக் கேவலமாக நினைக்க வேண்டாம். விமானம் நிரம்பாத நாளில் காலி சீட் மிஞ்சுவது பெரும்பாலும் அங்கேதான். பல 777-களில் கடைசிச் சில வரிசைகளில் உடம்பு குறுகுவதால் ஓரத்தில் மூன்று சீட் இரண்டாகிவிடும். தம்பதிக்கு அது 777-க்குள் கிடைக்கிற ஏ330. குறை என்னவென்றால், இருக்கை அமைப்பு மாறும் அந்த முதல் வரிசையில் நடைபாதை சற்று வளைகிறது. அங்கே ஐலில் உட்கார்ந்தால் சாப்பாட்டு வண்டி போகும்போதெல்லாம் தோளில் ஒரு இடி உறுதி. கழிவறைச் சுவருக்கு முதுகு காட்டும் வரிசையில் சாய்மானம் முழுசாகச் சாயாமல் போகலாம். சாப்பாடு சூடு பண்ணும் இடத்துக்குப் பக்கத்தில் திரையை எவ்வளவு இழுத்தாலும் வெளிச்சம் கசியும், டிராலி பூட்டும் சத்தம் ராத்திரி முழுக்க.

வாங்குவதற்கு வருவோம். டிராவல் ஏஜென்ட் "சீட் போட்டாச்சு சார்" என்று சொன்னதோடு விடாதீர்கள். டிக்கெட்டில் இருக்கும் பதிவு எண்ணான பிஎன்ஆரை எடுத்து, உண்மையில் விமானத்தை ஓட்டும் நிறுவனத்தின் தளத்தில் போட்டு, சீட் எண் அங்கே தெரிகிறதா பாருங்கள். ஒரு நிறுவனம் விற்று இன்னொரு நிறுவனம் ஓட்டும் கோட்ஷேர் டிக்கெட்டில் ஓட்டும் நிறுவனத்துக்கு வேறு பிஎன்ஆர் இருக்கும், அதைக் கேட்டு வாங்க வேண்டும். காசு கட்ட மனமில்லை என்றால் ஆன்லைன் செக்-இன் திறக்கும் நிமிடத்தில் உட்காருங்கள். நிறுவனத்தைப் பொறுத்து 24 முதல் 48 மணி நேரம் முன்பு திறக்கும். அடிக்கடி பறப்பவர்களுக்கு என்று பூட்டி வைத்த நல்ல சீட்டுகள் அப்போது விடுபடலாம். இந்திய நிறுவனங்களில் 12 வயது வரையிலான குழந்தையை அதே பிஎன்ஆரில் உள்ள பெற்றோர் ஒருவர் பக்கத்திலாவது உட்கார வைக்க வேண்டும் என்று இந்தியாவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ 2024 ஏப்ரலில் சொல்லிவிட்டது. அதற்காகத் தனிக் காசு கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

காசு கட்டிய சீட்டையும் வாரத்துக்கு ஒரு தடவை எட்டிப் பாருங்கள். ஏ350 என்று போட்டது கடைசியில் 777 ஆகிவிடும். சிஸ்டம் எல்லாரையும் தானாக மாற்றி அடுக்கும்போது அப்பா 31-லும் அம்மா 44-லும் போய் விழுவது இப்படித்தான். முதல் நாள் இரவு கவனித்தால் ஆன்லைனிலேயே சரி செய்யலாம். ஏர்போர்ட் கவுன்டரில் கவனித்தால் அங்கிருக்கும் அம்மணியின் மனநிலைதான் கதி.

கடைசியாக சாப்பாடு. சைவம் என்றால் ஆசிய சைவ உணவு என்று 24 மணி நேரம் முன்பே பதிவு செய்யுங்கள். 'ஹிந்து மீல்' என்று இருப்பதில் இறைச்சி வரலாம், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்தத் தட்டு சீட் எண்ணைத் தேடித்தான் வரும். உள்ளே போய் யாருக்காவது இரக்கப்பட்டு இடம் மாறினால், வண்டி வரும் முன்பே பணியாளரிடம் புது எண்ணைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சாம்பார் சாதம் பழைய சீட்டுக்காரர் மடியில் இறங்கும், உங்களுக்கு மிஞ்சியது சிக்கன் என்பார்கள்.