தட்டில் துடிக்கும் செல்கள் முதலில் யாருக்கு உதவ வேண்டும்?

ஸ்டெம் செல், அதாவது உடலின் வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல், என்றாலே பழுதான இதயத்தைப் புதுப்பிக்கும் சிகிச்சையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட அவசரமாகப் படுவது வேறு. பரம்பரையாக வரும் இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவரின் ரத்தத்திலிருந்தோ தோலிலிருந்தோ ஆய்வகத் தட்டில் இதயத் தசைச் செல்களை உருவாக்கி, கோளாறு எங்கே என்று தேடும் ஆய்வுதான் அது.

இந்த நோய்களின் கொடுமையே, இதயம் பார்வைக்கு நன்றாக இருப்பதுதான். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் மின்னளவில் தணிய அதிக நேரம் எடுக்கும் நீண்ட க்யூடி நோய் சுமார் 2,000 பேரில் ஒருவருக்கு உண்டு. அதன் ஒரு வகையில் நீச்சல் ஆபத்து. இன்னொரு வகையில் திடீரென ஒலிக்கும் அலாரம் மணியே போதும். ஓடியாடித் திரிந்த பிள்ளை சுருண்டு விழுகிறது. பிரேதப் பரிசோதனையில் ஒன்றும் தெரிவதில்லை, ஏனென்றால் பழுது இருப்பது செல்லின் சவ்வில் பொட்டாசியமும் சோடியமும் சென்றுவரும் கால்வாய்களில். எலியை வைத்து இதைப் புரிந்துகொள்வதும் கடினம். நிமிடத்துக்கு 500 முறைக்கு மேல் துடிக்கும் அதன் இதயம், ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் தணிவதற்குப் பெரும்பாலும் வேறு கால்வாய்களையே நம்பியிருக்கிறது.

வளர்ந்த செல்லை நான்கு மரபணுக்களைக் கொண்டு ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பலாம் என்று ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யாமானாக்கா 2006இல் எலியிலும், 2007இல் மனிதச் செல்லிலும் காட்டினார். 2010இல் ஜெர்மனியின் மியூனிக் ஆய்வாளர்கள் நீண்ட க்யூடி உள்ள ஒரு குடும்பத்தினரின் தோலிலிருந்து இதயச் செல்களை உருவாக்கினார்கள். இ.சி.ஜி.யில் நீண்டு தெரிந்த அதே கோளாறு அந்தச் செல்களின் மின்துடிப்பிலும் நீண்டே இருந்தது. உடற்பயிற்சியின்போதும் பதற்றத்தின்போதும் துடிப்பு தறிகெடும் இன்னொரு நோயில், கால்சியத்தைக் காட்டும் ஒளிரும் சாயத்தைச் செல்லுக்குள் ஏற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். சீராக மின்னி அணையும் செல்லில் அட்ரினலின் போன்ற மருந்தைச் சேர்த்ததும், இரண்டு துடிப்புகளுக்கு நடுவே வேளைகெட்ட மின்னல்கள் தோன்றுகின்றன. அந்தப் பிள்ளையை ஓடவைத்து ஆபத்துக்கு உள்ளாக்காமலே நோயைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

என் வாதம் இங்கேதான் இருக்கிறது. மரபணுச் சோதனை செய்துகொண்ட பல குடும்பங்களுக்கு 'மாற்றம் இருக்கிறது, ஆனால் தீங்கானதா என்று சொல்ல முடியவில்லை' என்ற அறிக்கைதான் கிடைக்கிறது. விளையாட விடலாமா, மருந்து தொடங்கலாமா, தம்பி தங்கைகளையும் சோதிக்கலாமா? அந்தத் தாளில் பதில் இல்லை. ஆனால் மரபணுவைத் திருத்தும் கருவியான கிரிஸ்பர் கொண்டு அதே நபரின் செல்லில், மாறியிருக்கும் அந்த ஒரே மரபணு எழுத்தைத் திருத்தி, திருத்தியதையும் திருத்தாததையும் அருகருகே துடிக்கவிட்டால், வேறுபாட்டுக்கு அந்த எழுத்துதான் காரணமா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். இதைவிட நேர்மையான ஒப்பீடு எனக்குத் தெரிந்து இல்லை.

குறைகளையும் மறைக்கக் கூடாது. இந்தச் செல்கள் வளர்ந்தவரின் இதயத்தைவிடக் கருவின் இதயத்தையே ஒத்திருக்கின்றன. தூண்டுதல் இல்லாமலே துடிக்கின்றன, ஓய்வு நிலையைக் காக்கும் பொட்டாசிய மின்னோட்டம் அவற்றில் குறைவு. ஒரு தொகுதி செல்லுக்கும் அடுத்த தொகுதிக்கும்கூட வேறுபாடு வரும். ஆகவே தட்டில் கண்டதை மட்டும் நம்பி ஒருவருக்கு மருந்து எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். இ.சி.ஜி., குடும்ப வரலாறு, மரபணு அறிக்கை ஆகியவற்றோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஆனால் அப்படிப் படிப்பதற்கே பணமும் பொறுமையும் வேண்டும். ஒரு குடும்பத்தின் செல்களை உருவாக்கி, திருத்தி, சோதித்து முடிக்க மாதக்கணக்கில் ஆகிறது. ஆய்வு நிதி ஒதுக்குகிறவர்கள் புதிய இதயம் என்ற கனவுக்குக் கொடுப்பதில் ஒரு பங்கையாவது இதற்குத் திருப்ப வேண்டும். எந்த மாற்றம் தீங்கில்லாதது என்று தெரியவந்தாலும் ஆய்வகங்கள் அதை வெளியிட வேண்டும். அந்த முடிவுக்காகவும் குடும்பங்கள் காத்திருக்கின்றன.